ஏரைப் புகழ்கிறவர்கள்

எழுதுகிறவன் உழவும் வேண்டுமா என்று ஒரு கேள்வி. உழுகிறவன் எழுதவும் வேண்டுமா என்று இன்னொரு கேள்வி. கேட்க ஒன்று போலத்தான் இருக்கும். முதல் கேள்வியைக் கேட்டவர்கள் வீட்டுக் குதிரில் நெல் இருந்தது. இரண்டாவது கேள்வியைக் கேட்க எங்கள் தெருவுக்கு யாரும் வரவில்லை. நாங்களாகக் கேட்டுக்கொண்டபோது அடி விழுந்தது. ஏரும் எழுத்தும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது உயர்ந்த வாழ்க்கை என்று சொல்லப்படுகிறதே, அது யாருக்கு உயர்வு, யாருக்குத் தண்டனை என்பதைத்தான் இங்கே பேச வேண்டும்.

இதைப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்றால், கூட்டங்களில் என்னை அறிமுகப்படுத்தும்போது ‘கவிஞர், ஆசிரியர், விவசாயி, சமூகத் தொண்டர்’ என்று நான்கு பட்டம் வாசிக்கிறார்கள். திண்டிவனம் பக்கம் ஒரு கிராமம். காலனியில் வீடு. தொடக்கப் பள்ளிகளில் இருபத்தொன்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எண்பது சென்ட் நிலம். இரண்டு கவிதைத் தொகுப்பு, அச்சடித்ததில் பாதி பரண்மேல் கிடக்கிறது. அம்பேத்கர் மன்றத்துக் கட்டடத்தில் இரவுப் பள்ளி ஒன்று நடக்கிறது. ‘மண்ணை மறக்காத மனிதர்’ என்று மேடையில் சொல்லிக் கை தட்டும்போது எனக்கு உடம்பு கூசும். அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அடக்கமெல்லாம் இல்லை. மண்ணை மறக்க எங்களை எவன் விட்டான்?

இந்தச் சேர்க்கைக்கு முன்னுதாரணம் காட்டச் சொன்னால் படித்தவர்கள் உடனே இரண்டு பேரைச் சொல்வார்கள். ருஷ்யாவில் டால்ஸ்டாய், வங்காளத்தில் தாகூர். டால்ஸ்டாய் 1859இல் யாஸ்னயா பொல்யானா என்ற தன் பண்ணையில் குடியானவர் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார். பிற்காலத்தில் தானே ஏர் பிடித்து உழுதார். அவர் உழுவதை ரேபின் என்ற ஓவியர் 1887இல் படமாகவே வரைந்தார். தாகூர் 1901இல் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கினார். 1922இல் பக்கத்து சுருல் கிராமத்தில், கிராமப் புனரமைப்புக்கென்று ஸ்ரீநிகேதன். எல்ம்ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேய வேளாண் அறிஞர் கூட இருந்து அதை நடத்தினார். மகன் ரதீந்திரநாத்தை அமெரிக்காவில் இலினாய் பல்கலைக்கழகத்துக்கு விவசாயம் படிக்க அனுப்பிவைத்தவர் தாகூர். பதிசரில் குடியானவர்களுக்குக் கடன் கொடுக்க வங்கி வைத்து, நோபல் பரிசுப் பணத்தையும் அதில் போட்டார்.

இதையெல்லாம் வேஷம் என்று தள்ளுகிற ஆள் நானில்லை. பெண்டாட்டி காதுத் தோட்டை அடகு வைத்து விதை மல்லாட்டை வாங்கியவனுக்குத்தான் அந்த வங்கியின் அருமை தெரியும். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். இருவரும் நிலக்கிழார்கள். டால்ஸ்டாய் உழுதால் ஓவியம். அவருடைய பண்ணையாள் வருஷம் முழுக்க உழுதான், அதைப் பார்க்க எவரும் ஊர் விட்டு ஊர் வரவில்லை. டால்ஸ்டாய் கலப்பையை நினைத்த நேரத்தில் கீழே வைக்கலாம். வைத்தால் அடுப்பு அணையாது, யாரும் தேடி வந்து உதைக்க மாட்டார்கள். கீழே வைக்கலாம் என்ற அந்த உரிமைதான் அவர் ஏர் பிடித்ததற்கு மதிப்பைக் கொடுத்தது. அந்த உரிமை இல்லாதவன் கையில் அதே ஏர், அதே மண், அதே வியர்வை. மதிப்பு மட்டும் வரவில்லை.

தமிழில் ஏரைப் புகழ்வது பழைய வழக்கம். வள்ளுவர் உழவுக்கென்று 104ஆவது அதிகாரத்தையே ஒதுக்கினார். கம்பர் பேரில் வழங்கும் ஏரெழுபது ஏரின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பாடும். புகழ் உழவனுக்குத்தானே என்று கேட்கலாம். உழவன் யார் என்று உரைகாரர்களைக் கேட்டால், உழுதுண்பவர் ஒரு வகை, உழுவித்துண்பவர் இன்னொரு வகை என்று பிரித்துச் சொல்வார்கள். புகழ் போய்ச் சேர்ந்தது இரண்டாவது வகை வீட்டுக்கு. சேற்றில் நின்றவன் இலக்கியத்துக்குள் வரப் பள்ளு நூல்கள் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. வந்தும் எப்படி வந்தான்? முக்கூடற் பள்ளில் இரண்டு பெண்டாட்டிக்காரனாக, பண்ணைக்காரன் காலில் கட்டை மாட்டும் கேலிப் பாத்திரமாக வந்தான். படிக்கிறவர் சிரிக்க வேண்டும். அதே நூலில் நெல் வகை, மாட்டு வகை, மீன் வகை என்று அடுக்கடுக்காக வரும். அத்தனை பெயரும் எந்தத் திண்ணையில் விளைந்தது? பள்ளன் வாயிலிருந்து புலவன் காதுக்குப் போனது. பெயர்களைக் கொடுத்தவன் கோமாளி, எழுதிக்கொண்டவன் கவிஞன். நாட்டுப்புறவியல் ஆராய்ச்சி வளர்ந்த பிறகும் இந்தக் கணக்கு பெரிதாக மாறிவிட்டது என்று எனக்குத் தோன்றவில்லை.

நந்தன் கதை இன்னும் பச்சையாக இருக்கிறது. சேக்கிழாரின் நந்தனுக்கு ஆண்டை கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி நந்தனார் சரித்திரக் கீர்த்தனை எழுதும்போது ஒரு பிராமண ஆண்டையைக் கொண்டுவந்து வைத்தார். சிதம்பரம் போக உத்தரவு கேட்கிற நந்தனிடம், நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போடா என்கிறான் ஆண்டை. பூதகணங்கள் வந்து ஒரே ராத்திரியில் முடித்துக் கொடுக்கின்றன. பக்தர்கள் இந்த இடத்தில் உருகுவார்கள். கழனி வேலை முடிந்த பிறகுதான் உனக்குச் சாமி என்பது எனக்குக் கேட்கிறது. அதே வாய்தான் பிறகு, கழனி வேலை முடிந்த பிறகுதான் உனக்குப் பள்ளிக்கூடம் என்றது. (அதே சிதம்பரத்தில் 1916இல் சுவாமி சகஜானந்தா எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியபோது நந்தனார் பெயரையே வைத்தார். பூதகணத்துக்குக் காத்திராத நந்தன்கள் அங்கே படித்தார்கள்.)

1937இல் வார்தாவில் காந்தி கைத்தொழில் வழிக் கல்வியை முன்வைத்தார். 1953இல் ராஜாஜி சென்னை மாகாணக் கிராமப் பள்ளிகளில் வகுப்பு நேரத்தைத் தினம் மூன்று மணியாகக் குறைத்தார். மிச்ச நேரம் பிள்ளைகள் தகப்பன் தொழிலைப் பழக வேண்டும். எங்கள் சித்தப்பா அப்போது மூன்றாம் வகுப்பு. ‘எங்கப்பன் தொழிலு என்னா? ஆண்டை வூட்டு மாடு மேய்க்கிறது. ஆண்டை மவனுக்கு அவங்கப்பன் தொழிலு என்னா? திண்ணையில குந்திகினு என்னை வையிறது. ரெண்டு பேரும் நல்லாத்தான் பழகினோம்’ என்று சொல்லிச் சிரிப்பார். 1954இல் ராஜாஜி பதவி விலகி, காமராசர் வந்ததும் திட்டம் போனது. சித்தப்பாவுக்கு மட்டும் பள்ளிக்கூடம் திரும்பி வரவில்லை. மாடு விட்டால்தானே.

குலக்கல்வியை ஆதரித்தவர்கள் கெட்ட வார்த்தை எதையும் பேசவில்லை. ‘உழைப்பின் கண்ணியம்’ என்றுதான் பேசினார்கள். அம்பேத்கர் 1936இல் சாதி ஒழிப்பு உரையில் இதற்குப் பதில் எழுதி வைத்துவிட்டார். சாதி பிரித்து வைப்பது வேலைகளை மட்டுமில்லை, வேலை செய்கிற மனிதர்களை. அதிலும் மேல் கீழாக. விருப்பத்துக்கு இடமில்லாத வேலையில் மனம் எப்படி ஒட்டும் என்றும் கேட்டார். உழைப்புக்குக் கண்ணியம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, உழைப்பவனுக்கு மட்டும் அதைக் கொடுக்காமல் இருக்க முடியும் என்பதற்கு எங்கள் ஊர் ஒன்று போதும் சாட்சி. இப்போது நகரத்துப் பள்ளிகளில் பிள்ளைகளை வண்டியில் ஏற்றி வந்து ஒரு நாள் நாற்று நடவைக்கிறார்கள். பாவம், பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் சேற்றில் குதிக்கிறார்கள். சாயந்திரம் கழுவினால் போய்விடுகிற சேறு.

இந்தப் பக்கத்துக்கு ஒரு பரம்பரை இருக்கிறது. அதைத் தேடித் தமிழ்நாட்டுக்கு மேற்கே மலையைத் தாண்டினால் திருவிதாங்கூர். அங்கே 1855இல்தான் அடிமை முறையை ஒழித்து அறிவிப்பு வந்தது. அதற்கு முன் எங்கள் ஆட்களை மாட்டோடு ஜோடி சேர்த்து நுகத்தில் பூட்டி உழுதிருக்கிறார்கள். ஏரைப் பற்றிக் கவிதை எழுதும் யாரும் ஒரு நிமிஷம் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஏர் பிடித்த கையைத்தான் எல்லாரும் பாடுகிறார்கள். எங்கள் முன்னோர் ஏரின் முன்பக்கமும் இருந்தவர்கள்.

அந்த மண்ணில்தான் அய்யன்காளி 1907இல் சாதுஜன பரிபாலன சங்கம் கண்டார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் கழனியில் இறங்க மாட்டோம் என்று புலையர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்தார். பட்டினி கிடந்தார்கள். மீனவர்களோடு படகில் போய்ப் பிழைத்தார்கள். கழனியில் புல் மண்டியது. இந்தியாவில் கூலி உயர்வுக்காக எத்தனையோ வேலைநிறுத்தம் நடந்திருக்கிறது. எழுத்துக்காகக் கழனி வேலையை நிறுத்தியது இதுபோல எனக்கு வேறு தெரியாது. பிறகு பஞ்சமி என்ற சிறுமியை அவரே ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துப் போனபோது, சாதி இந்துக்கள் பள்ளிக்கே தீ வைத்தார்கள். தங்கள் பிள்ளைகள் படித்த பள்ளி அது! எங்கள் குழந்தை உட்கார்ந்துவிட்டால் போதும், தங்கள் குழந்தை படிக்காவிட்டாலும் பரவாயில்லை. பாதி எரிந்த பெஞ்சு ஒன்றை அங்கே இன்னும் வைத்திருக்கிறார்கள்.

அதே காலத்தில் பொய்கையில் அப்பச்சன். 1879இல் திருவல்லாவுக்குப் பக்கத்தில் இரவிபேரூரில் பிறந்தவர். பறையர். அவருடைய குடும்பம் சிரியன் கிறிஸ்தவ நிலக்கிழார் குடும்பம் ஒன்றுக்கு அடிமைப்பட்டிருந்தது. வேதம் படித்தார், பிரசங்கியானார். மார்த்தோமா சபையில் இருந்தார், வேறு சபைக்குப் போனார். எங்கே போனாலும் சாதி முன்னாடி போய் உட்கார்ந்திருந்தது. வெளியேறிப் பிரத்யக்ஷ ரக்ஷா தைவ சபை என்று தம் மக்களுக்கே ஓர் அமைப்பைக் கட்டினார். அவர் பாட்டுகட்டுகிறவர். தாயை ஒரு பக்கமும் தகப்பனை ஒரு பக்கமும் விற்றுவிட, நடுவே அநாதையாக நின்ற பிள்ளைகளைப் பாடினார். வரலாறு என்று எழுதிவைத்த எதிலும் தம் மக்கள் இல்லாமல் போனதைப் பாடினார். அச்சுக்கு வருமுன்பே வாயில் வாழ்ந்த பாட்டுகள். பாடியதோடு நிற்கவில்லை. நிலம் வாங்கினார், பள்ளி தொடங்கினார். 1921லும் 1931லும் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினராக உட்கார்ந்தார்.

பாட்டு, பள்ளி, நிலம் எல்லாம் தாகூரிடமும் இருந்தன. அப்பச்சனிடம் அவை சேர்ந்த விதம் வேறு. தாகூருக்கு நிலம் முதலில் இருந்தது, அதன் மேல் நின்று மற்றவை வந்தன. அப்பச்சனுக்கு எதுவுமே இல்லை. பாட்டுதான் முதல். சொந்த நிலம் இல்லாமல் சொந்தப் பாட்டைப் பாடினால் பாடுகிற வாயை அடிப்பார்கள், குடிசையைப் பிரித்து எறிவார்கள். அதனால் நிலம் வேண்டியிருந்தது. நெல் விளைய மட்டுமில்லை, நின்று பாட.

என் எண்பது சென்ட் கதைக்கு வருகிறேன். 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்கீர் பறையர்களின் நிலைமையைப் பற்றி அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். 1892இல் உத்தரவு வந்தது. நிலமில்லாத எங்கள் சனங்களுக்கு நிலம் கொடுத்தார்கள். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று ஒரு கணக்குச் சொல்கிறார்கள். வேற்றுச் சாதியாருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்த வகையில் எங்கள் தாத்தா பேரில் இரண்டு ஏக்கர் இருந்ததாம். ஒரு பஞ்சத்தில் கேழ்வரகுக்குப் போனது போக மிச்சம் இதுதான். கைமாறவே கூடாத நிலம் எத்தனை கை மாறியது என்பதை 1994இல்தான் நாடு கொஞ்சம் கவனித்தது. காரணைப் பஞ்சமி நிலத்துக்காகப் போராடிய ஜான் தாமசும் ஏழுமலையும் அந்த அக்டோபரில் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அதன் பிறகும் எவ்வளவு மீண்டது? 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு இருபது பேர் தலித்துகள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் எங்கள் கையில் இருந்த சாகுபடி நிலம் நூற்றுக்குப் பத்துகூட இல்லை.

‘மாசம் பொறந்தா சம்பளம் வந்துச்சு, இப்ப பென்ஷன் வருது. இந்த எம்பது சென்டக் கட்டிகினு ஏன் அழுவுற?’ என்று என் மருமகனே கேட்கிறான். மல்லாட்டை போட்டால் விதைக்கும் உழவுக்கும் களைக்கும் ஆய்கிற கூலிக்கும் போட்ட பணம் பாதி வருஷம் திரும்பி வராது. கணக்குப் பார்த்தால் அவன் சொல்வது சரி. ஆனால் 1980களில் சுடுகாட்டுப் பாதைக்காக ஊரோடு தகராறு வந்தபோது, எங்கள் தெருவில் யாரையும் வேலைக்குக் கூப்பிடக் கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு போட்டார்கள். இருபத்திரண்டு நாள். அப்போது சொந்த நிலம் இருந்த நான்கு வீடுதான் மற்ற வீடுகளுக்குக் கூழ் ஊற்றியது. அந்த இருபத்திரண்டு நாளும் எங்கள் கழனிதான் எங்கள் தெருவுக்குக் கக்கூஸ், மேய்ச்சல், மந்தைவெளி எல்லாம். நிலம் என்பது எனக்குத் தாய் இல்லை, தெய்வம் இல்லை. முடியாது என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து நிற்க ஓர் இடம். இதை ஒரு கவிதையில் எழுதியபோது, நகரத்து விமர்சகர் ஒருவர் ‘மண்ணின் ஈரம் இல்லை’ என்று எழுதினார். ஈரம் இருந்த வருஷம் எது என்று மழையைத்தான் கேட்க வேண்டும்.

இங்கே அம்பேத்கரிடமே ஓர் இழுபறி இருக்கிறது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தை அவர் என்னவென்று சொன்னார் என்று இதழ் வாசகர்களுக்குத் தெரியும். கிராமத்தை விட்டு வெளியே வா என்பதுதான் அதன் பொருள். 1956 மார்ச்சில் ஆக்ராவில் பேசும்போதோ, படித்தவர்கள் தன்னைக் கைவிட்டுவிட்டார்கள், கிராமத்தில் நிலமில்லாமல் கிடக்கும் சனங்களுக்குத் தன்னால் அதிகம் செய்ய முடியவில்லை என்று வருத்தப்பட்டார். போனவன் திரும்பிப் பார்க்கவில்லையே என்பது அதன் பொருள். வெளியேறு என்பதும் கைவிடாதே என்பதும் ஒரே வாயிலிருந்து வந்தவை. இரண்டையும் ஒரே ஆள் எப்படிக் கடைப்பிடிப்பது? ஊரில் இருந்துகொண்டே எழுதி, உழுது, சொல்லிக் கொடுத்து வாழ்கிற என்னைப் போன்றவர்கள் இதற்கு விடை கண்டுவிட்டோம் என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. என் மாணவன் ஒருவன் ஒரகடம் பக்கம் மோட்டார் கம்பெனியில் வேலை செய்கிறான். அப்பனுடைய முப்பது சென்ட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டான். பொங்கலுக்குக்கூட கழனிப் பக்கம் போகமாட்டான். ‘சார், அந்த வரப்புல நடந்தா எங்கப்பன் குனிஞ்சே நின்னதுதான் ஞாபகம் வருது’ என்றான். அவனிடம் போய் மண்ணை மறக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவன் மறந்தால்தான் எனக்கு நிம்மதி.

எங்கள் ஆயா நடவுப் பாட்டுக்குப் பேர் போனது. முன்பாட்டு அதுதான் பாடும், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். நான் கவிதை கற்றுக்கொண்டது ஆயாவிடம் என்று முதல் தொகுப்பின் முன்னுரையில் எழுதினேன். கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு தம்பி அதைப் படித்துவிட்டு டேப் ரிக்கார்டரோடு வந்தார். ஆயாவுக்கு அப்போது எண்பதுக்கு மேல். ‘வூட்டுல குந்திகினு எப்படிப்பா பாடறது? ஆண்டை வரப்புல நிக்கணும், நாத்து முடி கையில இருக்கணும். பாட்டு நின்னா கை நிக்கும், கை நின்னா அவன் வைவான். அதுக்குப் பாடறது’ என்றது. அந்தத் தம்பி உழைப்பின் களைப்பைப் போக்க எழுந்த கலை என்று ஆய்வில் எழுதியிருப்பார். ஆயாவைப் பொறுத்தவரை பாட்டும் ஆண்டைக்குச் செய்த வேலை, கூலி இல்லாத வேலை. ஆனால் நடுநடுவே ஆண்டைக்குப் புரியாதபடி அவனையே திட்டுகிற அடிகளைச் செருகிப் பாடுவார்கள். அவன் வரப்பில் தலையாட்டிக்கொண்டு நிற்பான். அதைச் சொல்லும்போது மட்டும் ஆயாவுக்குப் பல்லில்லாத வாய் முழுக்கச் சிரிப்பு.

ஆக, ஏரும் பாட்டும் ஒன்று சேர்வதை எங்களுக்கு யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை. கட்டாயத்தில் சேர்ந்தே கிடந்தன. கேள்வி, கட்டாயம் போன பிறகு அவை சேருமா, சேர்ந்தால் எதற்காக என்பது.

எனக்குக் கட்டாயம் போய்விட்டது. போனதும் புதிய சிக்கல் வந்தது, அதை மேடையில் யாரும் பேசுவதில்லை. எண்பது சென்ட் வைத்திருக்கிறவனுக்கும் மல்லாட்டை பிடுங்கும்போது ஆள் வேண்டும். வருகிறவர்கள் எங்கள் தெருப் பெண்கள். நான் மதிலில் சமத்துவம் எழுதுகிற வாத்தியார், கழனியில் கூலி கொடுக்கிறவன். கூலி எங்கள் சனங்களுக்கு வெறும் கணக்குச் சொல் இல்லை. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25இல் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தியது கூலித் தகராறின் முடிவில்தான். அதனால் ஆணுக்கு என்ன கூலியோ அதுவே பெண்ணுக்கும் என்று என் கழனியில் ஆரம்பத்திலிருந்தே கொடுத்துவந்தேன். ஊர்க்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்து, ‘வாத்தியார் பென்ஷன்ல குடுக்கிறாரு, நாங்க எங்கருந்து குடுக்கிறது? கூலிய ஏத்தி வுட்டுட்டு நீ கவித எழுதிகினு போயிடுவ’ என்று சண்டை போட்டார். அவரைக்கூடச் சமாளித்துவிடலாம். அஞ்சலை அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த அக்கா சொன்னதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை. ‘நீ வருசத்துல எட்டு நாளு குடுப்ப தம்பி. மீதி நாளெல்லாம் நாங்க அவங்ககிட்டத்தான் போயி நிக்கணும். உன் நாயம் எட்டு நாளு நாயம்.’

கடைசியில் பெண்களே ஒரு வழி செய்தார்கள். பணமாக ஊர்க் கூலி, மிச்சத்தை மல்லாட்டையாக முறத்தில் அளந்து வாங்கிக்கொள்வது. மல்லாட்டை எல்லா வீட்டிலும் கொடுப்பதுதான், எவ்வளவு என்று யாரும் எண்ணுவதில்லை. என் நியாயம் நிறைவேறியது, ஆனால் முந்தானையில் மறைத்துக்கொண்டு போக வேண்டிய நியாயமாக. தனி ஒருவனின் நல்ல நடத்தை சாதியும் நிலமும் கட்டி வைத்த சந்தைக்குள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அந்த முறம்தான் எனக்கு அளவு.

பிள்ளைகள் விஷயம் இதைவிடக் கஷ்டம். வேலையில் இருந்த காலத்தில் மல்லாட்டை ஆய்கிற பருவம் வந்தால் வருகைப் பதிவேட்டில் எங்கள் தெருப் பெயர்களுக்கு நேரே வரிசையாகப் புள்ளி விழும். மதிய உணவுக்கு வந்துவிட்டு ஓடுகிற பிள்ளைகள் சிலர். படிக்கிற பிள்ளை என் கழனியில் கால் வைக்கக் கூடாது, தண்ணீர் கொண்டுவரக்கூட வரக் கூடாது என்பது நான் வைத்த சட்டம். புருஷன் இல்லாத ஒரு பெண், மகளையும் கூட்டிக்கொண்டு வந்து வரப்பில் நின்றது. ‘என் பொண்ணு நாலு நாளு ஆஞ்சா நோட்டுக்கும் செருப்புக்கும் ஆவும். நீ வேணாங்கிற. அப்ப நீ வாங்கித் தா.’ வாங்கிக் கொடுத்தேன். ‘அடுத்த வருசம்?’ என்றது. ‘எல்லாப் புள்ளைக்கும்?’ என்றது பக்கத்திலிருந்த இன்னொரு பெண். சமூகத் தொண்டு என்ற வார்த்தையின் ஓட்டை அந்த இரண்டு கேள்வியில் தெரிந்தது. நோட்டு வாங்கிக் கொடுக்கிறவன் ஆண்டையாகிவிட அதிக நாள் ஆகாது. ஆண்டைகளும் தீபாவளிக்கு வேட்டி கொடுத்தவர்கள்தானே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் விடியற்காலையில் எழுதுகிறேன். அந்த நேரத்தில் கழனிக்குப் போய்ப் பன்றி இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பது என் வீட்டு அம்மாள். களை எடுப்பில் ஆட்களோடு ஆளாகக் குனிவதும் அவர்தான். இந்த வீட்டில் ஏரும் எழுத்தும் சேர்ந்திருக்கின்றன என்றால் இரண்டு உடம்பில் சேர்ந்திருக்கின்றன. டால்ஸ்டாயின் கையெழுத்துப் பிரதிகளைத் திரும்பத் திரும்ப நகல் எடுத்துக் கொடுத்தது அவர் மனைவி சோஃபியா. அவரை யாரும் நான்கு பட்டம் சொல்லி அழைக்கவில்லை. ஒரு பத்திரிகைக்காரர் வந்து ‘கலப்பையோடு ஒரு படம்’ என்று கேட்டார். கலப்பையைக் கறையான் தின்று எத்தனையோ வருஷமாகிறது, எல்லாரும் டிராக்டர்தான். களைக்கொட்டுதான் இருக்கிறது, அது என் மனைவியுடையது, அவரை எடுங்கள் என்றேன். அவர் முகம் கொடுக்கவில்லை. ‘ஆளுங்க வந்துட்டாங்க, போட்டோ புடிக்கிற நேரமா இது’ என்று போய்விட்டார்.

எழுத்தைப் பற்றிக் கேட்டால், நான் எழுதியதில் அதிகம் படிக்கப்பட்டது மனுக்கள்தான். பட்டா மாறுதல், சாதிச் சான்றிதழ், சுடுகாட்டுப் பாதை, ரேஷன் அட்டை, பொய் வழக்கு. தாலுக்கா ஆபீஸிலிருந்து கலெக்டர் வரைக்கும் வாசகர்கள். மனுவில் உபமை வைக்க முடியாது, ஒரு சொல் கூடினால் திருப்பி அனுப்புவான், குறைந்தால் தூக்கிப் போடுவான். கவிதையில் நான் அடைந்த சிக்கனம் அங்கே பழகியது. தெருவில் எல்லாருக்கும் நானே எழுதிக்கொண்டிருந்தால் நான் இன்னொரு கர்ணம். அதனால் இரவுப் பள்ளியில் பாடம் முடிந்த பிறகு எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கிற பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் மனு எழுதச் சொல்லித் தருகிறோம். போன மாசம் தெருக்குழாய்க்காக ஒன்பதாம் வகுப்புப் பெண் எழுதிய மனு என் எந்த மனுவையும்விட நறுக்கென்று இருந்தது. ‘ஐயா அவர்களின் சமூகத்திற்கு’ என்று நான் தொடங்குவேன். அவள் ‘வட்டாட்சியருக்கு’ என்று தொடங்கியிருந்தாள். கடைசியில் ‘தாழ்மையுடன்’ என்ற சொல்லையும் எடுத்துவிட்டாள். இருக்கட்டும், அப்படியே அனுப்பு என்றேன்.

அடுத்த வாரம் எங்கள் பக்கம் மல்லாட்டை பிடுங்க ஆரம்பித்துவிடுவார்கள். அது முடியும்வரை இரவுப் பள்ளியை ஏழு மணியிலிருந்து எட்டரைக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். ஆய்ந்துவிட்டு வருகிற பிள்ளைகள் நகத்துக்குள் மண்ணோடு வந்து உட்காரும், பாதிப் பாடத்தில் தூங்கும். முதல் அரை மணி நேரம் சத்தமாகப் படிக்கிற பாடம் வைக்கலாம் என்று சொல்லிக்கொடுக்க வருகிற பெண் சொல்லியிருக்கிறது.